தொரை ஓட்டலின் சுவர்கள்

பங்குனி வெயிலில் உப்பளத்து வரப்பு வழியாகப் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்து, முன்வாசல் தூண்களில் ஒன்றைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தை வைத்து அழுத்தினால், தண்ணீர்ப் பானையின் வயிற்றில் முகம் புதைத்த மாதிரி ஒரு குளிர்ச்சி ஏறும். சுற்றிலும் மண்ணும் காற்றும் கொதித்துக்கொண்டிருக்கும், பாத்திகளில் விளைந்த உப்பு கண்ணைக் கூசவைக்கும், ஆனால் அந்தத் தூண் மட்டும் எங்கிருந்தோ ஒரு விடியற்காலையைப் பிடித்துத் தனக்குள் வைத்துக்கொண்டிருக்கும். சிப்பிச் சுண்ணாம்பை முட்டையின் வெள்ளைக்கருவும் வெல்லத் தண்ணீரும் விட்டு அரைத்து, செங்கல் மேல் பூசி, கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய பூச்சு அது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அந்த வயதில் எனக்கு அது 'சில்லுனு இருக்கற தூணு', அவ்வளவுதான்.

மரக்காணத்தில் கால்வாய்க்கும் உப்பளத்துக்கும் நடுவே, கொஞ்சம் மேடான இடத்தில் நின்றது அந்தக் கட்டடம். கம்பெனிக்காரர்கள் காலத்தில் உப்பை மேற்பார்க்க வந்த ஒரு துரை கட்டியது என்பார்கள். அந்தத் துரை போய், அவருக்குப் பின்னால் வந்த துரைகளும் போய், வீடு பல கை மாறி, கடைசியில் கோட்டக்குப்பத்து ஹமீது பாயின் அத்தா அதை ஏலத்தில் எடுத்து, மாடி அறைகளை வாடகைக்கு விட்டுக் கீழே சாப்பாட்டுக்கூடம் நடத்தத் தொடங்கியபோது, ஊர் அதற்குத் 'தொரை ஓட்டல்' என்று பெயர் வைத்துவிட்டது. வாசல் பலகையில் வேறு ஏதோ பெயர் எழுதியிருந்தது, அதை யாரும் படித்து நான் பார்த்ததில்லை. உப்பு வியாபாரிகள், லாரி முதலாளிகள், பாலம் கட்ட வந்த காண்டிராக்டர்கள், புதுச்சேரிக்குப் போகும் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் என்று எப்போதும் யாராவது தங்கியிருப்பார்கள்.

என் அப்பா கோவிந்தன் அங்கே ரூம் பாய், வாட்ச்மேன், சில நாட்களில் பரிமாறுகிறவர், குழாய் கெட்டுப்போனால் பிளம்பர். ஹமீது பாய் வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில் வருவார், கணக்குப் பார்ப்பார், போய்விடுவார். மற்றபடி அந்த வீட்டுக்கு எசமான் என் அப்பாதான் என்று அப்பாவே நம்பியிருந்தார். பின்பக்கத்தில், துரையின் குதிரை லாயத்தைத் தட்டி வைத்துத் தடுத்து உண்டாக்கிய அறையில் நாங்கள் குடியிருந்தோம். அப்பா, அம்மா, நான். ஓட்டல் இருந்தால் அப்பாவுக்கு வேலை, எங்களுக்குக் கூரை, ஓட்டல் இல்லையென்றால் இரண்டும் இல்லை. சின்ன வயதிலேயே எனக்கு இது தெரியும், ஏனென்றால் அம்மா இதை வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிக்காட்டுவாள்.

அந்தக் கட்டடத்தை எப்படிச் சொல்வது என்று இப்போதும் யோசிக்க வேண்டியிருக்கிறது. ஒரு தாளில் மையைச் சொட்டி, நடுவில் மடித்துப் பிரித்தால் இரண்டு பக்கமும் ஒரே உருவம் விழுமே, அப்படி இருக்கும். நடுவில் வாசற்கதவு, அதன் தலைக்கு மேலே அரைவட்டமாகக் கண்ணாடி, அதில் விரித்த விசிறியின் கம்பிகள் போல மரச் சட்டங்கள். இடப்பக்கம் எத்தனை சன்னலோ வலப்பக்கமும் அத்தனை. கீழ்ச் சன்னல்கள் உயரம், மாடிச் சன்னல்கள் கொஞ்சம் குட்டை, மேலே முக்கோணமாக ஒரு நெற்றி. உள்ளே போனாலும் அதே கதைதான். இந்தப் பக்கம் ஒரு கூடம் என்றால் அந்தப் பக்கமும் அதே நீளத்தில், அதே அகலத்தில் ஒரு கூடம், நடுவில் மாடிப்படி.

இந்தக் கணக்கு ஒரே ஓர் இடத்தில் இடித்திருக்கிறது. மாடியில் வலப்பக்கக் கோடியில் சன்னல் வர வேண்டிய இடத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் சுவர் வந்துவிட்டது. துரைக்கு மனசு ஒப்பவில்லை போலிருக்கிறது. சட்டம் வைத்து, கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புச் சாயம் அடித்து, ஒரு பொய்ச் சன்னலை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நாங்கள் அதைக் 'குருட்டு சன்னல்' என்போம். அம்மா அதை அண்ணாந்து பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னாள்: "நாலு பேரு பாக்கறதுக்குன்னு வச்ச சன்னலு. பெரிய மனுசங்க சிரிப்பு மாதிரி. தொறக்காது."

அதைவிட வேடிக்கை, இரண்டு கூடங்களிலும் சுவருக்குள் குடைந்து கட்டியிருந்த கணப்பு அடுப்புகள். மரக்காணத்தில் குளிர்காய அடுப்பு. கார்த்திகை மாதத்தில்கூட விசிறி இல்லாமல் தூங்க முடியாத ஊரில், ஏதோ ஒரு புத்தகத்துப் படத்தைப் பார்த்து அப்படியே வரி மாறாமல் கட்டியிருக்கிறார்கள். அதில் ஒருநாளும் நெருப்பு எரிந்ததில்லை. ஒன்றில் அப்பா துடைப்பங்களையும் பினாயிலையும் வைத்திருந்தார், இன்னொன்றில் ஒரு கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது.

அப்பாவுக்கு உயிர் அந்தத் 'தூக்கு சன்னல்'களில்தான். பக்கவாட்டில் திறக்காமல் மேலே தூக்கித் திறக்கிற சன்னல்கள். கயிற்றின் ஒரு முனையில் சன்னல், மறு முனையில் சட்டத்துக்குள் ஒளித்துவைத்த இரும்புக் குண்டு. சன்னல் மேலே போனால் குண்டு உள்ளுக்குள் கடகடவென்று கீழே இறங்கும். கடற்காற்றில் இரும்பு துருப்பிடிக்கும், கயிறு அறுந்துபோகும். அப்பா கூனிமேட்டிலிருந்து வலை பின்னுகிற நைலான் கயிறு வாங்கிவந்து மாற்றுவார், தேங்காய் எண்ணெய் தடவுவார், ஒரு விரலால் சன்னலைத் தூக்கிக் காட்டிவிட்டு எங்கள் முகத்தைப் பார்ப்பார். அம்மா வேண்டுமென்றே வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். "நமக்கா கட்டனான் அந்தத் தொர? நீ தேச்சிகினு கெட" என்பாள்.

அம்மா அஞ்சலை உப்பளத்தில் வேலை செய்தாள். உப்பு வாருவது யாரும் செய்வது, ஆனால் பாத்தி போடுவதற்கு அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். சீசன் தொடங்கும் முன் பாத்தியின் தரையைக் களிமண் போட்டு, பெண்கள் வரிசையாக நின்று காலால் மிதித்து மிதித்து, தண்ணீர் கீழே இறங்காதபடி இறுக்க வேண்டும். மண் எப்போது போதும் என்கிறது, எப்போது இன்னும் கேட்கிறது என்று அம்மாவின் குதிகாலுக்குத் தெரியும் என்பார்கள். அவளோடு மிதிக்கிற பெண்கள் அவள் வாய்க்குப் பயப்படுவார்கள், ஆனாலும் அவள் இல்லாமல் மண்ணில் கால் வைக்க மாட்டார்கள். அவளுக்கும் அந்தக் கர்வம் உண்டு. அப்பாவுக்கு ஓட்டல் எப்படியோ அம்மாவுக்கு அளம் அப்படி. அந்த நாட்களில் இரண்டு பேரும் ஒருவர் வேலையை ஒருவர் மதித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஓட்டலின் முன்வாசல் வழியாக ஊர்க்காரர்கள் யாரும் வந்ததில்லை. தடுத்தவர் யாருமில்லை, பழக்கம் அப்படி. அறை எடுப்பவர்கள் முன்வாசல், சாப்பிட வருபவர்கள் பக்கவாசல், நாங்கள் பின்வாசல். கல்யாணமாகி அந்த லாயத்துக்கு வந்த நாளிலிருந்து அம்மா ஒரு தடவைகூட அந்த விசிறிக் கண்ணாடியின் கீழே நடந்து உள்ளே போனதில்லை, என்னைப் போலத் தூணைத் தொட்டதும் இல்லை.

2004 டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் அந்த வழியாக உள்ளே போனாள். மாடி வராந்தாவைப் பெருக்கிக்கொண்டிருந்த அப்பாதான் முதலில் பார்த்தார், கால்வாய்த் தண்ணீர் கடல் பக்கமிருந்து எதிர்த்து ஏறி வருவதை. என்னவென்று அவருக்குப் புரியவில்லை, எங்களில் யாருக்கும் சுனாமி என்ற சொல்லே அன்றைக்குத் தெரியாது. குப்பத்துப் பக்கமிருந்து சனங்கள் ஓடிவருவதைப் பார்த்ததும் அப்பா படியிறங்கிப் போய் முன்வாசற்கதவின் இரண்டு இலைகளையும் அகலத் திறந்துவிட்டு, "மேல ஏறுங்க, மேல ஏறுங்க" என்று கத்தினார். அம்மா அப்போது அளத்தில் மழைக்கு உடைந்த கரையைக் கட்டிக்கொண்டிருந்தாள். என்னைத் தேடி ஓடிவந்தவள், நான் படிக்கட்டில் நிற்பதைப் பார்த்துவிட்டு, யாருடையதோ ஒரு குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு அந்த வாசல் வழியாக உள்ளே வந்தாள். அவளோடு கரை கட்டிக்கொண்டிருந்தவர்களில் எல்லம்மா மட்டும் ரோட்டுப் பக்கம் ஓடியிருக்கிறாள். எல்லம்மாவை நாங்கள் மறுபடி உயிரோடு பார்க்கவில்லை.

கூடத்தில் இடுப்பு அளவுக்குத் தண்ணீர் ஏறியது. மேசை நாற்காலிகள் மிதந்து சுவரில் முட்டிக்கொண்டன. படியிலும் மாடியிலும் நெருக்கியடித்து நின்ற நாங்கள், ஒவ்வொரு மோதலுக்கும் கட்டடம் ஆடுகிறதா என்று கால்களால் கேட்டுக்கொண்டிருந்தோம். அது ஆடவில்லை. அம்மா மாடித் தூணில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, என் கையை விடாமல், வெளியே பார்க்காமல் நின்றிருந்தாள். தண்ணீர் வடிந்து எல்லாரும் இறங்கிப் போன பிறகும் அவள் கொஞ்ச நேரம் அந்தத் தூணை விட்டு நகரவில்லை.

அதன் பிறகு அவள் மாறிவிட்டாள். யாரும் கேட்காமலே துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கூடத்துச் சேற்றை வாரினாள். பொங்கலன்றைக்கு முன்வாசலில் கோலம் போட்டாள். அப்பா அதைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டதும், அம்மா, "இன்னா சிரிப்பு? உசுரு குடுத்த எடம்" என்றதும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. எங்கள் வீட்டில் சந்தோஷமாக இருந்த கடைசி மாதங்கள் அவை என்று சொன்னால், சுனாமி வந்த வருஷத்தைப் போய் இப்படிச் சொல்கிறாளே என்று நினைப்பீர்கள். ஆனால் உண்மை அதுதான்.

தை கடைசியில் ஹமீது பாய் வந்தார். சுவர்களில் தண்ணீர் நின்ற உயரம் வரை ஈரம் ஒரு பட்டையாகத் தெரிந்தது, பூச்சு அங்கங்கே சோற்றைப் போலக் குழைந்திருந்தது. அவர் அதைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பசங்க துபாய்லேர்ந்து போன் மேல போன் போடறானுங்க கோவிந்து. மெட்ராஸ் பார்ட்டி ஒண்ணு ரிசார்ட்டு கட்ட கேக்குது, குடுத்துடுங்கத்தாங்கறானுங்க. எனக்கு மனசு வரல. எங்கத்தா வாங்கன எடம். மழைக்குள்ள செவுரு காஞ்சி, புதுப் பூச்சு புடிச்சி நின்னுச்சின்னா இன்ஷா அல்லாஹ் நடத்தலாம். நிக்கலன்னா நான் அவனுங்களுக்கு இன்னான்னு பதில் சொல்றது?" நியாயமான மனிதர். அவரைக் குறை சொல்ல எங்களுக்கு எதுவும் இல்லை.

ஆரோவில்லில் சுண்ணாம்பு வைத்து வீடு கட்டுகிற ஒரு வெள்ளைக்காரர் எப்போதாவது மொபெட்டில் வந்து, டீ மட்டும் குடித்துவிட்டு, கட்டடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போவார். எங்கள் பேச்சையே பேசுவார், 'இன்னா' போடுவார், ஆனால் சத்தம் மட்டும் வேறு மாதிரி இருக்கும். அம்மா அவருக்கு வைத்த பெயர் 'சுண்ணாம்புக்காரு'. அவர்தான் இந்தக் கட்டடத்தின் ஜாதியை எனக்குச் சொன்னவர். அவர்கள் ஊரில் ஜார்ஜ் என்ற ஒரே பெயரில் ராஜாக்கள் ஒருவர் பின் ஒருவராக ஆண்டார்களாம், அந்தக் காலத்தில் எல்லா வீடும் இப்படித்தான் இரண்டு பக்கமும் சமமாக நிற்குமாம், அதற்கு ஜார்ஜியன் என்று பெயராம். "எங்க ஊர்ல இந்த மாதிரி ரொம்ப இருக்குது பாப்பா. ஆனா உப்புக் காத்துல நிக்கறது இது ஒண்ணுதான் நான் பாத்திருக்கேன்" என்றார்.

அப்பா அவரிடம் யோசனை கேட்டார். சுவர் கடலைக் குடித்திருக்கிறது, சிமென்ட் பூசினால் உப்பு உள்ளேயே மாட்டிக்கொண்டு செங்கல்லைத் தின்றுவிடும் என்றார் அவர். முதலில் உப்பை வெளியே எடுக்க வேண்டும். "தண்ணி நின்ன ஒசரம் வரைக்கும் பூச்சக் கொத்தி எடுத்துடுங்க. நல்ல களிமண்ணா பாத்து, உப்பில்லாத தண்ணி ஊத்திப் பெசஞ்சி, செங்கல் மேல தடிமனா அப்புங்க. காயும்போது அது உள்ள இருக்கற உப்ப இழுத்துக்கும். காஞ்சதும் உரிச்சித் தூரப் போட்ருங்க. திரும்பத் திரும்ப செய்யணும். தண்ணி விஷயத்துல ஜாக்கிரதை." இதைச் சொல்லிவிட்டு, வெயில் காலத்தில் வழக்கம்போல ஊருக்குப் போய் வருவதாகச் சொல்லி, அவர் போய்விட்டார்.

அம்மா எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். களிமண் என்ற சொல் காதில் விழுந்ததுமே அது தன் வேலை என்று அவளுக்கு ஆகிவிட்டது. "இது நீ பாக்கற வேல இல்ல, நான் பாக்கறேன்" என்று அப்பாவிடம் சொன்னாள். அப்பாவும் நகர்ந்துகொண்டார். அவளுடைய வேலையை அவர் மதித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

தண்ணீருக்கு அவள் எடுத்துக்கொண்ட ஜாக்கிரதையைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஓட்டல் போர் தண்ணீர் உப்பாகிவிட்டது என்பதால் அதைத் தொடவே விடவில்லை. நிவாரணத்துக்கு வந்த தண்ணீர் லாரியில் பிடித்த குடிதண்ணீரில் பாதியைச் சுவருக்கு என்று ஒதுக்கினாள். நான் தாகம் என்று கேட்டால் அரை டம்ளர்தான். அது போதாமல், அவளோடு பாத்தி மிதிக்கும் பெண்கள் மேற்கே உள்ள ஊர்க் கிணறுகளிலிருந்து சைக்கிளில் குடம் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒவ்வொரு குடத்தையும் அம்மா நாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் மண்ணில் ஊற்றுவாள்.

மண்ணை யாரும் நாக்கில் வைக்கவில்லை. நல்ல களிமண் என்றால் எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரே இடத்தைத்தான் கைகாட்டுவார்கள். தலைமுறை தலைமுறையாக மிதித்துப் பழகிய பழைய பாத்தியின் தரை மண். வெண்ணெய் மாதிரி இருக்கும், கல் இருக்காது, காய்ந்தால் வெடிக்காது. பாத்தித் தரையை வெட்டி எடுப்பது என்பது உப்பளத்தில் நடக்காத காரியம், அதைக் கேட்கவே வாய் வராது. அலை வந்து கிழித்துப் போட்டிருந்த ஒரு பழைய பாத்தியிலிருந்து எடுத்துக்கொள்ள அம்மா அதன் சொந்தக்காரரிடம் போய் நின்றாள். அவரும் அன்றைக்கு எங்கள் மாடியில் நின்று பிழைத்தவர்தான். "அந்த வூட்டுக்குன்னா எடுத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டார். எங்களிடம் இருந்ததிலேயே உசத்தியான பொருளைத்தான் நாங்கள் அந்தச் சுவருக்குக் கொண்டுபோனோம்.

முற்றத்தில் கொட்டி, பெண்கள் வரிசையாக நின்று மிதித்தார்கள். அளத்தில் மிதிப்பது போலவே, முந்தானையை இழுத்துச் செருகி, ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு. ஓட்டல் சமையல்காரர் டீ போட்டுக் கொடுத்தார், யாரும் கூலி கேட்கவில்லை. கூடங்களின் சுவர்களிலும், முன்வாசல் தூண்களின் அடியிலும், துரை கட்டிய கணப்பு அடுப்புகளுக்கு உள்ளேயும்கூட அம்மா தன் கையாலேயே அப்பினாள். அப்பா எல்லாத் தூக்கு சன்னல்களையும் தூக்கிவைத்துக் காற்றை உள்ளே விட்டார். சில நாட்களில் மண் காய்ந்து வெளுத்தது, பிறகு அதன் மேல் பொடிப்பொடியாக வெள்ளை பூத்தது.

அந்தக் காலையை என்னால் மறக்க முடியாது. "பூத்துடிச்சி" என்று அம்மா சொன்ன குரலில், அளத்தில் சீசனின் முதல் உப்பைப் பார்க்கும்போது வருகிற அதே நடுக்கம் இருந்தது. முதல் உப்புக்கு வரப்பில் செய்வது போலச் சுவரின் காலடியில் மஞ்சள் வைத்துக் கற்பூரம் ஏற்றினாள். பெண்கள் குலவையிட்டார்கள். உரித்தெடுத்த மண்ணைத் தூரக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, புது மண் எடுத்துவந்து மறுபடி அப்பினார்கள். அது முதலில் பூத்ததைவிட அதிகமாகப் பூத்தது. அடுத்த தடவை அதைவிட அதிகம். வெள்ளையைப் பார்த்தால் விளைச்சல் என்று நினைத்துப் பழகிய கண்கள் எங்களுடையவை. உள்ளே எவ்வளவு உப்பு இருந்திருக்கிறது பார், எல்லாம் வெளியே வருகிறது பார் என்று ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது.

ஆடிக் காற்று தொடங்கியபோது சுவரோரம் காலையில் சிவப்பாகப் பொடி விழுந்து கிடக்கும். அம்மா அதைக் காய்ந்த களிமண் தூள் என்று நினைத்துப் பெருக்கித் தள்ளுவாள். அப்பா அதில் ஒரு சிட்டிகையை எடுத்து விரலில் தேய்த்துப் பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். அதன் பிறகு ஒவ்வொரு காலையும் அவர் சுவரைக் கைமுட்டியால் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டு போவார். அம்மா வருகிற சத்தம் கேட்டால் நிறுத்திவிடுவார். ஏதோ சரியில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, என்னவென்று அவருக்குப் புரியவில்லை, அதை அவளிடம் கேட்கவும் அவருக்கு வாய் வரவில்லை.

ஆவணியில் சுண்ணாம்புக்காரர் ஊரிலிருந்து திரும்பி வந்தார். கூடத்துக்குள் காலை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். களிமண்ணை ஓர் இடத்தில் பெயர்த்தார், அதோடு சேர்ந்து செங்கல்லின் முகமும் மாவாக உதிர்ந்தது. அவர் பெயர்த்த மண்ணில் ஒரு துண்டை வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினார்.

"மண்ணு எங்க எடுத்தீங்க?" என்று கேட்டார்.

"அளத்துல. எங்க பழைய பாத்தி மண்ணு" என்றாள் அம்மா. குரலில் பெருமை இருந்தது. "இத்த விட நல்ல மண்ணு இந்த ஜில்லாவுலயே கெடைக்காதுங்க."

அவர் மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்துகொண்டார். "அது பூரா உப்பும்மா" என்றார். பிறகு, "நான் சொல்லியிருக்கணும். தண்ணிய சொன்னேன், மண்ண சொல்லல. என் தப்பு" என்றார். அவர் முழுதாகச் சொல்லி முடிக்கும் முன்பே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அவள் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கூடத்தில் நின்ற பெண்கள் எல்லாரும் பிறந்ததிலிருந்து உப்பில் கால் வைத்தவர்கள், குடத்துத் தண்ணீரில் ஒரு கல் உப்பு இருந்தாலும் சொல்லிவிடக்கூடிய நாக்கு உள்ளவர்கள். உப்பளத்து மண்ணில் உப்பு இருக்கும் என்பது அவர்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. எங்களுக்கு அது உப்பு இருக்கிற மண் என்று ஒருநாளும் இருந்ததில்லை, அது மண், அவ்வளவுதான். கடலைவிட அதிகமான உப்பை, கடலைவிடப் பொறுமையாக, நாங்களே எங்கள் கையால் அந்தச் செங்கல்லுக்குள் ஏற்றியிருந்தோம்.

அம்மா கீழே உட்காரவில்லை, அழவில்லை. ஒரு மண்வெட்டியை எடுத்துவந்து சுவரில் ஒட்டியிருந்த களிமண்ணைத் தட்டித் தட்டி உதிர்க்க ஆரம்பித்தாள். அப்பா போய் அவள் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டார். "வுடு அஞ்சல" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது.

அந்த வருஷத்து மழை எப்படிப் பெய்தது என்று எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஐப்பசியில் பிடித்தது, விடவேயில்லை. கார்த்திகையில் ஒரு பகல் நேரம், நாங்கள் லாயத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, வலப்பக்கக் கூடத்தின் வெளிச்சுவர் அடியிலிருந்து மடிந்து உட்கார்ந்தது. குருட்டு சன்னலும் அதோடு வந்துவிட்டது. பாதித் தாளைக் கிழித்துப் போட்ட மாதிரி இடப்பக்கம் மட்டும் முழுசாக நின்றது, அதைப் பார்க்க முழுவதும் விழுந்திருந்தாலே தேவலாம் போலிருந்தது. நல்லவேளை, உள்ளே யாரும் இல்லை. மழை விட்டதும் ஹமீது பாய் வந்து பார்த்தார், அப்பாவின் தோளில் கையை வைத்துவிட்டுப் போனார். அடுத்த மாதம் இடம் கைமாறிவிட்டது.

2006 மாசியில் ஜேசிபி வந்தது. மேல்மாடி உடைவதற்கு அத்தனை முரண்டு பிடித்தது. தண்ணீரும் மண்ணும் தொடாத அந்த மேல்பாதி இன்னும் எத்தனையோ காலம் நின்றிருக்கும் என்று இடித்தவர்களே சொன்னார்கள். அம்மா அப்போது அளத்தில் புதுப் பாத்தி மிதித்துக்கொண்டிருந்தாள், அங்கிருந்து பார்த்தால் இடிப்பது தெரியும். அப்பா ஒரு தூக்கு சன்னலையாவது கேட்டு வாங்கி வைத்துக்கொள்வார் என்று நினைத்தேன், அவர் கேட்கவில்லை. நாங்கள் ரோட்டுக்கு மேற்கே ஒரு வாடகை வீட்டுக்குப் போனோம். அப்பாவுக்கு ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. அதன் சன்னல்கள் அலுமினியம், அவற்றுக்கு எண்ணெய் போட வேண்டியதில்லை.

அந்தக் கட்டடத்தைப் பற்றி அப்பா வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. வெளியில் யாராவது குத்தலாகக் கேட்டால், "அவ நல்லதுக்குத்தான செஞ்சா" என்பார். அம்மாவிடம் முன்னைவிட நயமாகவே நடந்துகொண்டார். அவள் வேண்டுமென்றே சண்டைக்கு இழுத்த நாட்கள் உண்டு. ஒருநாள் குழம்பில் வாயில் வைக்க முடியாத அளவுக்கு உப்பு. நான் தட்டைத் தள்ளிவிட்டேன். அப்பா முழுவதையும் சாப்பிட்டுவிட்டு, கை கழுவிக்கொண்டு, மண்டபத்துக்குக் கிளம்பிப் போனார். அம்மா அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். இப்படியே வருஷங்கள் போயின, நான் படித்து, புதுச்சேரியில் வேலைக்குப் போய், அங்கேயே குடும்பமாகிவிட்டேன்.

இப்போது அந்த இடத்தில் ரிசார்ட் இருக்கிறது. மேட்டைச் சமமாக்கிவிட்டார்கள், நீச்சல் குளம் இருக்கிறது, பஸ் கண்டக்டர்கள் அந்த நிறுத்தத்தை ரிசார்ட்டின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். எங்கள் ஊரில் வேலைக்குப் போகும் பிள்ளைகளிடம் தொரை ஓட்டல் என்று சொன்னால், அது எந்தப் பக்கம் என்று கேட்கிறார்கள். முன்வாசலும் இல்லை, பக்கவாசலும் இல்லை, சாலையோரம் ஒரே ஒரு பெரிய கேட், அதில் ஒரு பையன் உட்கார்ந்து வண்டி நம்பர் எழுதுகிறான்.

போன வருஷம் அப்பா போய்விட்டார். கருமாதி முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாரும் கிளம்பிப் போன மத்தியானம், நானும் அம்மாவும் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தோம். அம்மா கழுவிய தட்டையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி இப்படிப் பண்ணனன்னு உங்கப்பன் ஒரு வாட்டி கேட்டிருக்கலாம்" என்றாள். "அத்தினி வருசம் இருந்தாரே. ஒரு வாட்டி. நான் பதிலு வச்சிருந்தேன்."

"இன்னா பதிலும்மா?" என்று கேட்டேன்.

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். தட்டை வாங்கித் துடைக்கச் சொல்லி என் கையில் கொடுத்தாள்.

"அது அவருக்கு வச்சிருந்தது" என்றாள்.